கெட் டவுன்

கப்பல் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாக வெல்டிங் செய்யும் அவளுக்கு நெருப்பும் உயரமும் பயமில்லை. புதிதாக வந்த இன்ஜினியரின் ஆங்கிலம்தான் பயம். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அவர் "கம் டவுன்" என்றால் சாரத்திலிருந்து இறங்க வேண்டும். அதனால் 'டவுன்' என்று வந்தாலே இறங்குவதுதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அன்று காலை கீழேயிருந்து அவர் அலறினார். "கெட் டவுன்! கெட் டவுன்!"

உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவள் ஏணியைப் பிடித்து இறங்குவதற்காக எழுந்தாள்.

"குனிக்கா!" பக்கத்தில் கிரைண்டர் பிடித்திருந்தவன் அவள் தோளைப் பிடித்து அமுக்கினான். கிரேனிலிருந்து ஊசலாடிய இரும்புத் தகடு அவர்கள் தலைக்கு மேலே உரசினாற்போல் போனது. அதன் காற்று பிடரியில் பட்டது.

கீழே வந்ததும் அவள் அவனிடம் திரும்பினாள்.

"இறங்குன்னுதானேடா சொன்னாரு?"

"சாதாரணமா சொன்னா இறங்குக்கா. இப்படிக் கத்துனா குனின்னு அர்த்தம்."

"உசுரு போற நேரத்துல நான் எங்கடா அர்த்தம் பாக்குறது? அவர 'குனி'ன்னு சொல்லக் கத்துக்கச் சொல்லு. அதுவரைக்கும் ஏற மாட்டேன்."

அவன் போய்ச் சொன்னான். வெளிறிய முகத்தோடு இன்ஜினியர் அவள் முன்னால் வந்து நின்று, நான்காவது முறை 'குனி' என்று சரியாகச் சொன்னார்.

மறுநாள் அவள் ஏறினாள். ஆனால் இப்போதெல்லாம் கீழே யாராவது பலமாக இருமினால்கூட முதலில் குனிந்துவிடுகிறாள்.