ஒரே ஒரு டிக்

வருவாய்த்துறை ஓய்வூதியக்காரனான நான் வாழ்நாள் சான்று எடுக்கப் போன திண்டுக்கல் கம்ப்யூட்டர் சென்டரில், அதை நடத்துகிற அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை. கீபோர்டை ஒவ்வொரு முறையும் ஊதிவிட்டுத்தான் தொட்டார்.

சர்வர் படுத்துவிட்டதால் ஒரு ராஜ்ஜிய விளையாட்டைத் திறந்தார். நாமே ஊரும் கதையும் அமைத்துக்கொள்ள அதிலேயே இருக்கும் எடிட்டரில் அகரம் கிராமத்துப் பக்கத்து வாய்க்காலையும் தன் தென்னந்தோப்பையும் வரைந்திருந்தார். வாய்க்கால் அடைப்பை நீக்கச் சொல்லி ஒரு குடியானவன் அதிகாரியிடம் மனு கொடுக்கிறான். மூன்றாம் முறை திருப்பி அனுப்பப்படும்போது தோப்பு காய்ந்துவிடுகிறது.

"அதிகாரி சம்மதிக்கிற மாதிரி மாத்த முடியாதா?" என்றேன்.

"ஒரு டிக் போட்டா மாறிரும் சார். அம்புட்டுத்தான்."

"போட வேண்டியதுதானே?"

"நீங்க போடலையே சார். உங்க ஆபீசுக்கு மூணு தடவ நடந்தேன்ல?"

அவர் முகம் எனக்கு நினைவில்லை. புல வரைபடம் இணைக்கப்படவில்லை என்று அப்படிப்பட்ட மனுக்களை விதிப்படி திருப்பியது நினைவிருந்தது. அந்த வரைபடங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தன.

சர்வர் வந்தது. பென்ஷன் புத்தகத்தை நான் வீட்டிலேயே மறந்திருந்தேன். அவரே என் பென்ஷன் எண்ணைத் தேடி எடுத்து, நான் உயிரோடிருப்பதற்கு முதல் தடவையிலேயே சான்று தந்தார்.

திருப்பி அனுப்பியிருக்கலாம்.