சட்டைதான் குடித்திருக்கிறது

மாலை ஆறு இருபதுக்கு, பாகலூருக்கு அருகே எல்லைச் சோதனைச் சாவடியில், நான் முதலில் பார்த்தது ஒரு போலீஸ்காரர் இன்னொருவனின் சட்டைக் காலரை முகர்ந்துகொண்டிருந்ததை. முகரப்பட்டவன் முனிராஜ், எங்கள் தொழிற்சாலையில் பீப்பாய் உருட்டுபவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்பதால் எனக்கு இது புதிதாக இருந்தது. பஸ்ஸில் மற்றவர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஊது" என்றார் போலீஸ்காரர். முனிராஜ் ஊதினான்.

"வாயில வரல. சட்டைதான் குடிச்சிருக்கு. போ."

எழுபதுகளின் பிற்பகுதி. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது, கர்நாடகத்தில் இல்லை. காலையில் எல்லையைத் தாண்டிப்போய் பிராந்தி தயாரித்துவிட்டு, மாலையில் மதுவிலக்குக்குள் திரும்பி வருவது எங்கள் வேலை. கோவில்பட்டியில் நான் இருந்த தெருவில் ஒருவர் பேசினால் எந்த ஊர், யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். இங்கே கண்டக்டர் தெலுங்கில் கூப்பிட்டார், கன்னடத்தில் சில்லறை கேட்டார், தமிழில் திட்டினார். என் தமிழைக் கேட்டுவிட்டு "சார் எந்த நாடு?" என்றார். கோவில்பட்டி என்றேன். தலையாட்டினார். சிலோன் என்று எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

நான் பீப்பாய்க் கிடங்கின் குமாஸ்தா. சாராயம் தண்ணீர் நிறத்தில் உள்ளே போகும். இரண்டு மூன்று வருடம் கழித்துத் தேநீர் நிறத்தில் வெளியே வரும். பீப்பாய்கள் ஓக் மரம், கப்பலில் வந்தவை. ஓக் மரத்தின் உள்குழாய்கள் தாமாகவே அடைபட்டுக்கொள்வதால் பலகை ஒழுகாது. தீயில் காட்டினால் முறியாமல் வளையும். உட்புறத்தைக் கருக்கினால் மரத்திலிருக்கும் இனிப்பு இளகி, சாராயத்துக்கு நிறமும் மணமும் கொடுக்கும். ஒழுகாத அந்த மரம் மூச்சு மட்டும் விடும். உள்ளே காற்று போகும், வெளியே சாராய ஆவி வரும். வந்த ஆவி கிடங்கில் நிற்கும். அங்கே நிற்பவன் சட்டையிலும் நிற்கும்.

முனிராஜுக்கு ஊத்தங்கரைப் பக்கம் பெண் பார்த்து நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா கோவிந்தன், மானாவாரி விவசாயி, நெற்றியில் எப்போதும் திருநீறு. வேலை முடிந்து நேராகத் தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையை அவர் ஒரு தடவை மோந்துவிட்டு, தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். முனிராஜ் மூன்று நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பிறகு என்னிடம் வந்தான்.

"அவரக் கூட்டியாறன் சார். நீங்க எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா குடிகாரன் பேச்சுன்னு பூடுவாரு."

கோவிந்தன் வந்தார். முதலில் காவலாளியை மோந்தார். அடுத்து என்னை. அடுத்து கையெழுத்துப் போட வந்த மானேஜரை.

"ஏம்பா முனிராஜு, ஒருத்தன் குடிச்சா கண்டிக்கலாம். கம்பெனியே குடிக்குதே!"

"மாமா, அது மரத்துலருந்து வர்ற வாடை."

"மரம் குடிச்சிருக்கா?"

நான் விளக்கினேன். அவர் விவசாயி, கேள்விகள் சரியாகவே வந்தன.

"இரும்பு ட்ரம் ஆவாதா?"

"அதில் வைத்தால் எத்தனை வருடமானாலும் தண்ணீர் நிறம்தான்."

"வேம்பு?"

"கசக்கும்."

"மாமரம்?"

"ஒழுகும்."

"இதுவுந்தான் போவுது."

"இது ஆவியாகப் போகிறது. போகும் என்று தெரிந்தேதான் வைக்கிறோம்."

"தெரிஞ்சேவா? நல்லா பொழச்சீங்க" என்று சொல்லி, அன்று காலை நிரப்பிய பீப்பாய் ஒன்றின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். புதிதாக நிரப்பிய பீப்பாய் மரம் ஊறி உப்பும்வரை மூட்டுகளில் கொஞ்சம் கசியும். எழுந்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணைக் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

மாலை பஸ்ஸில் எங்களோடுதான் வந்தார். சாவடியில் அதே போலீஸ்காரர் ஏறி, முனிராஜைத் தாண்டிப்போய் அவரிடம் நின்றார்.

"பெரியவரே, எறங்குங்க. திருநீறு வேற."

"நான் தொட்டதே இல்லீங்க! அது மரம். வெளிநாட்டு மரம். மூச்சு வுடும்."

"எது?"

"மரங்க! உள்ள கருக்கி வெச்சிருக்கான். வேம்புன்னா கசக்கும், மான்னா ஒழுகும்..."

பஸ் முழுவதும் கேட்டது. நான் சொன்னதில் அவர் எதையும் விடவில்லை. ஒரு இடத்தில் என்னைவிட நன்றாகவே சொன்னார். போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினார். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, முன்னிருக்கையைப் பார்த்தபடியே கேட்டார்:

"மாப்ள, தெனமும் இப்பிடித்தானா?"

"தெனமும் மாமா."

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோவிந்தன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வேலைச் சட்டை தமிழ்நாட்டுக்குள் வரக்கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் பின்சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார். முனிராஜ் மாலையில் அங்கே சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேறொன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான். அடுத்த வாரம் நானும் ஒரு ஆணி கேட்டு வாங்கினேன். பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் நான் கோவில்பட்டியில் இருந்த நாட்களில் என் சட்டை ஒன்று கர்நாடகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.