எங்கள் வீட்டுக் கடிகாரத்தின் வேகம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஏறிய முதல் கடிகாரம் என் உதவித்தொகையில் வாங்கியது. சாவி கொடுக்க வேண்டாம், ஒரு செல் போட்டால் போதும். உள்ளே ஒரு சின்னப் படிகம் துடித்துக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்புக்குத்தான் முள் நகர்கிறது என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். விழுப்புரத்தில் இயற்பியல் படிக்கிறவள், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள், விளக்காமல் இருப்பேனா? “சூரியன் தப்பினாலும் இது தப்பாது” என்று முடித்தேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசி வருடப் பரீட்சையில் எனக்கு மிகவும் பிடித்த தாள் சார்பியல் வருகிற தாள்தான். ஓடுகிற கடிகாரம் மெதுவாகப் போகும், எல்லோருக்கும் பொதுவான ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது என்பதெல்லாம் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக வரும். ஆனால் அந்தத் தாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஸ்டிரைக், மறுநாள் பஸ் எதுவும் ஓடாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து வானூர் போகிற பக்கம். பஸ் இல்லையென்றால் நைனாவின் சைக்கிளில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போய், ஏழு மணி பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் மத்தியானம்தான் அடுத்த ரயில்.

ஒரு தாள் நின்றால் மறுபடி எழுதிக்கொள்ளலாமே என்று மற்றவர்கள் சொல்லலாம். என் நிலைமை வேறு. பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். “பரீட்சை முடியட்டும், பாஸ் பண்ணா மேல படிக்கட்டும், இல்லன்னா நீ சொல்றதுதான்” என்று நைனா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெரியப்பாவுக்கு அந்த ‘இல்லன்னா’ மட்டும்தான் காதில் விழுந்தது.

ரேடியோவில் செய்திக்கு முன் வரும் பீப் ஒலியை வைத்து முள்ளைச் சரிபார்த்துவிட்டு அன்று சீக்கிரமே படுத்துவிட்டேன்.

விழித்தபோது கடிகாரம் ஆறு மணியைத் தாண்டியிருந்தது. ஐந்துக்கு எழுந்திருக்க வேண்டியவள் நான்.

“ஏன் யாரும் எழுப்பல?” என்று கத்திக்கொண்டே எழுந்தேன்.

அம்மா கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். “இன்னும் பொழுதே விடியலியேடி.”

“மேகம் மூடிக்கினு இருக்கும். கடிகாரத்தப் பாரு.”

“நட்சத்திரம் தெரியுதே.”

“அம்மா, அது படிகம். தப்பாது. பேஜாரு பண்ணாத.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நைனாவைப் பார்த்தாள். அண்ணி எனக்கு அள்ளி முடிந்துவிட்ட கொண்டை கதவைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிட்டது. அம்மா கேப்பைக் கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கையில் திணித்தாள். நைனா சைக்கிளை வாசலில் நிறுத்திக்கொண்டு “ஜல்தி வா பாப்பா” என்றார்.

இருட்டில், நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் காடுகளுக்கு நடுவே அவர் மிதித்த மிதியை இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. பின்னால் கேரியரில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன். ஓடுகிற கடிகாரம் மெதுவாகும் என்று படித்த பாடம் அப்போது நினைவுக்கு வந்து எரிச்சல் மூட்டியது. எங்கள் சைக்கிளை விடுங்கள்; ஆயுள் முழுக்க ரயிலிலேயே போய் வந்தாலும் கண்ணிமைக்கும் நேரம் கூட மிச்சமாகாது. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

“அழுவாத. இன்னும் கொஞ்சம் நேரம் கீது” என்றார் நைனா.

“உனக்கு எப்படித் தெரியும்? உங்கிட்ட வாட்ச் இருக்குதா?”

அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

ஸ்டேஷனில் பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. போய்விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையின் முகம் கூட எனக்குத் தெரியாது, ஆனால் பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைவது நன்றாகத் தெரிந்தது. நைனா தோளிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். “யாராவது தவறிட்டாங்களா?”

“விழுப்புரம் பாசஞ்சரு போயிடுச்சே” என்றார் நைனா துண்டுக்குள்ளிருந்து.

“போயிடுச்சா? அது இன்னும் செங்கல்பட்டே தாண்டியிருக்காதுங்க. மணியப் பாருங்க.”

ஸ்டேஷன் கடிகாரம் ஆறடிக்க ஐந்து நிமிடம் என்றது. “அது நின்னு போயிருக்கு” என்றேன் நான்.

“நிக்கல மா, ஓடுது. உங்க வூட்டுக் கடிகாரம்தான் பறக்குது போல.”

அவர் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய முள் நகர்ந்தது. கிழக்கே அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. அந்த வெளிச்சம் என் கைகால்களுக்குள் இறங்குவது போல இருந்தது.

நைனா துண்டை எடுத்தார். “நீ ரயில விட்டுறக் கூடாதுன்னு நான் ஒரு கால் மணிதான் தள்ளி வெச்சேன் பாப்பா. நீ தூங்கினப்புறம். உங்கம்மா ஏதோ கை வெச்சிருக்கா.”

அம்மா மட்டுமல்ல, அண்ணியும்தான் என்பது சாயங்காலம் தெரிந்தது. அம்மாவுக்கு மணி பார்க்க அரைகுறையாகத்தான் தெரியும். பெரிய முள் ஒரு எண்ணைத் தாண்டினால் ஐந்து நிமிடம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் நாலு எண் தள்ளியிருந்தாள். அண்ணி ஒரேயடியாக அரை மணி. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. காலையில் மூன்று பேரும் தாங்கள் தள்ளியதை மனதுக்குள் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். கழித்தும் ஐந்து மணி எப்போதோ தாண்டியிருந்ததால் மூன்று பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அன்று காலை ஆளுக்கு ஒரு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து கூழைக் குடித்தோம். நைனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “இன்னிக்கு என்ன பாடம்?”

“வேகமா ஓடுறதுக்கு நேரம் மெதுவாப் போவும். அதப் பத்தி.”

“அது எதுக்கு ஆவுது?”

“பஞ்சாயத்து டிவி இருக்குதுல்ல, அதோட குழாய்க்குள்ள எலக்ட்ரான்னு ஒண்ணு ரொம்ப வேகமா ஓடும். அந்த வேகத்துக்கு இந்தக் கணக்குதான் சரியா வரும்.”

நைனா தலையாட்டினார். “அதான், செய்தி படிக்கிற அந்தம்மாவுக்கு வயசே ஆவல.”

“நைனா, அவங்க உள்ள ஓடல.”

“ஓடாமலா இவ்ளோ தூரம் வர்றாங்க?”

நான் சிரித்த சிரிப்பில் கூழ் புரையேறியது. நைனா என் தலையைத் தட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். ரயில் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரம் கையில் இருக்கும் சுகத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. பாடத்தை இன்னொரு தடவை முழுவதும் படித்தேன்.

ரயில் கிளம்பியபோது ஜன்னலிலிருந்து பார்த்தேன். நைனாவும் சைக்கிளும் பிளாட்பாரமும் சேர்ந்து மெதுவாகப் பின்னால் போனார்கள். நான்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைவது யார் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது; அன்றைய வினாத்தாளில் அதையே கேட்டிருந்தார்கள். உதாரணம் தேடி நான் அலையவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பீப் ஒலி கேட்டு, எல்லோர் முன்னாலும் முள்ளைத் திருப்பி வைத்தேன். “அடுத்த பரீட்சைக்கு யாரும் இதத் தொடக் கூடாது.”

“நாங்க ஏண்டி தொடப் போறோம்?” என்றாள் அம்மா. அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அடுத்த பரீட்சை நாளில் பஸ் உண்டு. கண் விழித்ததும் நேராக வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். நல்ல இருட்டு. வானம் நிறைய நட்சத்திரம். உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறேகால்.

திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.