மல்லாந்து படுக்க வரம் கேட்டேன்

கட்சால் தீவு மாரியம்மனை நம்பி வாழும் என் சனங்களே, ஒரு வருஷத்துக்கு மேல் நான் படுக்கவே இல்லை. பாயில் முதுகைச் சாய்த்தால் போதும், தண்ணீருக்குள் முக்கிப் பிடித்த மாதிரி மூச்சு முட்டும். சுவரோரம் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவேன். அதற்குப் பெயர் தூக்கம் இல்லை.

என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னால் கசிந்தது, நுரையீரலில் நீர் தேங்கியது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் வெள்ளாப்பில் கத்தியோடு கிளம்பி மரம் சீவியவள் நான். அப்படிப்பட்டவள் கோயில் படியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்கினேன். தோட்ட வேலையை விட்டேன், அடுப்படியை விட்டேன். வாயை மட்டும் விடவில்லை என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

படுத்திருக்கிற எவரைப் பார்த்தாலும் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் வாசலில் நாய் நாலு காலையும் நீட்டிக்கொண்டு தூங்கியது. அதைப் பார்த்து ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் என் காலடியில்தான் பாய் போட்டுப் படுப்பார். கை எட்டும் தூரம். ஆனாலும் அவர் மெயின்லேண்டில் இருக்கிற மாதிரியும் நான் தீவில் இருக்கிற மாதிரியும் தோன்றும். கல்யாணமான நாள் முதல் அவர் தோளில் தலை வைத்துத் தூங்கிப் பழகியவள். இதைக் கோயிலில் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆத்தாவும் பொம்பளைதானே.

போன ஐப்பசியில் எங்கள் டாக்டர் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இருவரும் கப்பல் ஏறினோம். கப்பலில் நான் ஒரு காரியம் செய்தேன். நம் பெண்கள் பலரும் செய்வதுதான். கழிப்பறை தூரம், கப்பல் ஆடும், வரிசையில் நிற்க வேண்டும் என்று பயந்து, நீர் இறங்கும் மாத்திரையை விழுங்காமல் பையிலேயே வைத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. உட்காரவும் முடியவில்லை. வீட்டுக்காரர் கப்பல் டாக்டரைத் தேடி ஓடினார்.

அப்போதுதான் கேட்டேன். "தாயி, என்னைக் குணமாக்குன்னு ஒங்கிட்ட கேக்க எனக்குத் தைரியம் இல்ல. சாவுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் மல்லாந்து படுக்க வையி. மூச்சு முட்டாமப் படுக்கணும். அது போதும்."

பக்கத்துப் படுக்கையில் முன்பின் தெரியாத ஒரு வங்காளப் பெண் இருந்தாள். எழுந்து வந்து என் பையைத் திறந்தாள். "தவாய் லியா கி நஹீ, தீதி?" என்று அதட்டினாள். மருந்து சாப்பிட்டாயா இல்லையா, அக்கா என்று இந்தியில் கேட்கிறாள்.

"நஹீ. பாத்ரூம் பஹுத் தூர் ஹை" என்றேன். இல்லை, கழிப்பறை ரொம்பத் தூரம் என்று.

தலையில் அடித்துக்கொண்டாள். "மர்னே சே பீ தூர் ஹை க்யா?"

சாவை விடவா தூரம்! வீட்டுக்காரர் டாக்டரோடு வரும்போது மாத்திரை உள்ளே போயிருந்தது. டாக்டர் ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தார். அதன் பிறகு கரை சேரும் வரை, கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்தான் என்னைத் தாங்கிக் கூட்டிப்போனாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். ஆனால் எனக்கு அவள் பெயர் தெரியும், நாம் இந்தக் கோயிலில் கூப்பிடுகிற பெயர்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் என் இதயம் தாங்காது என்றார் அங்கிருந்த டாக்டர். தொடையில் உள்ள ரத்த நாளம் வழியாக ஒரு குழாயை இதயம் வரை கொண்டுபோய், மூடாத வால்வின் இரண்டு இதழ்களையும் ஒரு கிளிப்பால் சேர்த்துப் பிடிக்கலாம் என்றார்.

"துணி காயப்போடுற கிளிப்பா, சார்?"

"கிட்டத்தட்ட அதேதாம்மா" என்று சிரித்தார்.

ஆனால் எல்லா வால்வுக்கும் அது ஒத்து வராதாம். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிவு தெரியும் வரை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு அறையில் காத்துக் கிடந்தோம். வெயிலும் ஹார்ன் சத்தமும்தான் துணை. நம் தீவின் மழைக்கும், வெள்ளிக்கிழமைக் கோயில் மணிக்கும் மனசு அடித்துக்கொண்டது. ஒத்து வராவிட்டால் ஊருக்கே போய்விடலாம், உட்கார்ந்தபடி செத்தாலும் அங்கே சாகலாம் என்றேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒத்து வந்தது.

மயக்கம் தெளிந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது மேற்கூரை. வெள்ளைக் கூரை, ஒரு விளக்கு. என்னை மல்லாக்கப் போட்டிருக்கிறார்கள்! பதறிப்போனேன். "தூக்கி உக்கார வையுங்க, மூச்சு முட்டும்!" என்று கத்தினேன். நர்ஸ் என் தோளை மெல்ல அழுத்தினார். "எழும்பக் கூடாதும்மா. குழாய் விட்ட இடத்துல ரத்தம் வரும். காலை மடக்காம நேராப் படுத்திருக்கணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "முட்டுதா?" என்று கேட்டார். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். உள்ளே போனது. விட்டேன், வெளியே வந்தது. மறுபடி இழுத்தேன். முட்டவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. படுத்துக்கொண்டு அழுதால்தானே கண்ணீர் காதுக்குப் போகும்? "தாயி, தாயி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுசாக நல்லதாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கசிவு இன்னும் இருக்கிறதாம். உயிர் உள்ளவரை மாத்திரை உண்டு. திரும்பி வரும்போது கப்பலில் வேளை தவறாமல் விழுங்கினேன். இப்போது கோயில் படியை நின்று நின்று ஏறிவிடுகிறேன். முன்பெல்லாம் ஆத்தாவிடம் சண்டை போடவே வருவேன், இப்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் வருகிறேன். உங்களில் யாருக்காவது பெரிதாகக் கேட்க வாய் வரவில்லை என்றால், சின்னதாகவே கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். மருந்தையும் விடாதீர்கள், அதுவும் அவள் கையால் வருவதுதான்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் மத்தியானம் நல்ல மழை. வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். நான் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தேன், கண் அசந்துவிட்டது. திரும்பி வந்தவர் வாசலிலிருந்தே பார்த்திருக்கிறார். வீட்டில் ஒரு வருஷமாகப் படுக்காதவள் அசையாமல் கிடக்கிறாள்.

"ஐயோ, போயிட்டியா புள்ள!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். நான் கண்ணைத் திறந்தேன். "எங்க போவேன்? மனுஷியத் தூங்க விட மாட்டீங்களா?" என்றேன். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர் மட்டும் நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

"என்னாங்க, வாங்க. இப்படிப் படுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். படுத்தார். அவர் தோளில் தலையை வைத்தேன். அவர் அழுது முடிப்பதற்குள் நான் தூங்கிவிட்டேன்.