மம்பாவ் சதுக்கத்துச் சாய்பாதை

காலை 7.10. கே.எல். சென்ட்ரலில் சிரம்பான் போகும் ரயிலில் ஏறினேன். கட்டணம் எட்டு வெள்ளி எழுபது காசு. ஒன்றரை மணி நேரப் பயணம். காஜாங்கில் பாதிப் பெட்டி இறங்கிவிட்டது. நீலாய்க்குப் பிறகு செம்பனையும் புது வீடுகளும் மாறி மாறி வந்தன.

நான் கிள்ளானில் பள்ளி ஆசிரியை. தோழி பரமேஸ்வரியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். மந்தின் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். அங்கே லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தண்ணீர்க் குழாய் எங்கே நிற்க வேண்டும் என்று எங்கள் பெற்றோரை எவரும் கேட்டதில்லை. இன்று அவள் தனியார் அலுவலகமொன்றில் நகர வடிவமைப்பு வரைகிறாள். அவள் தனியாக வரைந்த முதல் பொதுச் சதுக்கம் சிரம்பானை அடுத்த மம்பாவில் முடியும் தறுவாயில் இருந்தது.

8.45. சிரம்பான் நிலைய வாசலில் காருடன் நின்றாள். ராசா என்ற ஊர் வழியாகப் போனோம். கோயிலுக்குப் போகிறவர்கள் சாலையோரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். "நடக்கறவங்களுக்கு எடமே வுடலை, பாத்தியா? அடுத்து இங்கதான் நடைபாதை கேக்கப் போறேன்" என்றாள்.

9.15. அடுக்குமாடி வீடுகளுக்கும் ஒரு கடை வரிசைக்கும் நடுவில் இருந்தது அந்த இடம். முன்பு மழைநீர் தேங்கும், லோரிகள் நிற்கும் வெற்று நிலமாம். இப்போது செங்கல் பாவிய தரை, நிழல் மரங்கள், கல் இருக்கைகள். பாதை ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைவது போலிருந்தது. கேட்டேன்.

"அது நான் போட்டதில்ல மாலா. ஜனங்க நடந்து நடந்து மண்ணுல போட்ட தடம். அது மேலயே கல்லு பதிச்சுட்டேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

மிச்சமிருந்தது ஒரே வேலை: கிளினிக்கும் சாப்பாட்டுக் கடையும் உள்ள உயரமான கடை வரிசைக்கு ஏறும் சாய்பாதை. அது வரப்போகும் சாய்விலேயே பலகை அடித்து வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் கான்கிரீட் லோரி வரும்.

10.20. அடுக்குமாடியில் வசிக்கும் முருகையா சக்கர நாற்காலியில் வந்தார். முன்னாள் லோரி ஓட்டுநர். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். ஏறிப் பார்க்கச் சொல்லி பரமேஸ்தான் அழைத்திருந்தாள். பலகை மேல் பாதி தூரம் உந்தினார். நாற்காலி பின்னால் உருண்டது. கட்டட வேலையை எடுத்திருந்த குத்தகையாளர் தியாகு ஓடிப்போய்ப் பிடித்தார்.

"தள்ளிவுட ஆள் இருந்தா ஏறிடலாம்லா" என்றார் முருகையா.

"ஆள் இல்லாத அன்னைக்கு எப்படிண்ணே போவீங்க?"

பரமேஸ் அளவு நாடாவை எடுத்தாள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அவள் வரைபடத்தில் உயரம் ஓர் அடி நான்கு அங்குலம்; அதற்குப் பதினாறு அடிப் பாதை. நாடா இரண்டு அடி காட்டியது. திரும்ப அளந்தாள். இரண்டு அடிதான்.

"தப்பு என்னுது. பழைய பிளானைப் பாத்து உயரத்தைப் போட்டுட்டேன். நேர்ல அளக்கல."

அதற்குள் லோரி வந்துவிட்டது. தியாகு அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியாதும்மா. ஊத்திடுவோம்லா. பின்னால பாத்துக்கலாம்."

அவள் லோரியைத் திருப்பி அனுப்பினாள். எல்லோரும் பார்த்திருக்கத் தன் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையின் கோபம் எனக்கே கேட்டது. "தப்பு என்னுதுன்னு லெட்டர் எழுதித் தரேன் சார்" என்று முடித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது, குரல் மாறவில்லை.

இன்னும் எட்டு அடி வேண்டும். நேரே நீட்டினால் சாலை. பக்கவாட்டில் திருப்பினால், சாப்பாட்டுக் கடைக்காரர் காதர் பாய் கீழே நான்கு மேசை போட்டிருந்த இடம். அவரிடம் போய்க் கேட்டாள்.

மதியக் கூட்டம் உட்காரும் மேசைகள் அவை. பாய் கடையை ஒரு முறை, முருகையாவை ஒரு முறை பார்த்தார்.

"மழை வந்தா எல்லாரும் மேல உள்ள வந்துருவாங்க. இவரு மட்டும் டீயைப் பாதில வச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாரு. எடுத்துக்கம்மா. மேசைய நான் உள்ள நெருக்கிப் போட்டுக்கறேன்."

மாலை 3.40. திருப்பத்தோடு புதிய பலகைகள் தயாராயின. முருகையா மறுபடி ஏறினார். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். யாரும் கை கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. உச்சிக்குப் போய், நேராகக் கடைக்குள் உருட்டிக்கொண்டு போய், விசிறிக்குக் கீழே நிறுத்தினார்.

"பாய், டீ ஒண்ணு. சீனி வேணாம்."

பரமேஸ் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வரைபடத்தில் புது அளவை எழுதிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் எழுதினாள்.

5.50. லோரி மறுபடி வந்து கான்கிரீட் ஊற்றி முடித்த பிறகு என்னை நிலையத்தில் விட்டாள். "அவ்வளவு பேர் முன்னாடி மானம் போச்சுடி" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒருத்தி, தன் பிழையைத் தானே அளந்து சொல்லி, ஓர் ஊரையே சரியாக ஏறவைத்ததைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னேன்.

கிள்ளானில் என் பள்ளி வாசலில் மூன்று படிகள் உண்டு. ஒரு மாணவியின் தந்தை ஊன்றுகோலோடு அங்கேயே நின்றுவிடுவார். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்துக்கும் நானே இறங்கிப்போய் அவரிடம் பேசிவிட்டு வருவேன். அதை உதவி என்று நினைத்திருந்தேன். அந்தப் படிகளின் உயரம் என்னவென்று இதுவரை எனக்குத் தெரியாது.