தைலமரத்துக்கு ஒரு கடன், மாட்டுக்கு ஒரு கடன்

பேங்கில் கடன் பிரிவு என்றால் ஏசி ரூமில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் வேலை என்று என் மாமியார் இன்னமும் நம்புகிறார். உண்மையில் பாதி நாள் செருப்பில் முள் குத்திக்கொண்டு யாரோ ஒருவர் நிலத்தில் நிற்பதுதான் எங்கள் தொழில். கடன் கேட்டவர் சொன்னதெல்லாம் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டெபாசிட் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் படியுங்கள். இந்தக் கஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எங்கள் கிளை சேலையூர் கேம்ப் ரோட்டில். நான் படித்தது மதுராந்தகம் பக்கத்தில் ஊராட்சிப் பள்ளி. அதனால் விவசாயக் கடன் எது வந்தாலும், நீங்கதான் கிராமம் ஆச்சே என்று சொல்லி மேனேஜர் சார் என் டேபிளுக்குத் தள்ளிவிடுவார். நானும் மகளை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு, பெருங்களத்தூர் போய் ஏழுமலை அண்ணன் ஆட்டோவில் ஏறிவிடுவேன். வெளியே சுற்றுவது எனக்குப் பிடிக்கும். பிடித்தது என்று எழுதவேண்டுமோ என்னவோ.

ஒன்றுமில்லாத நிலம்

தணிகாசலம் சாருக்குக் கோவிலம்பாக்கத்தில் மரக்கடை. கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் பெரிய நிலம் வாங்கிப் போட்டிருந்தார். அது முழுக்கத் தைலமரம் வைத்து, வளர்ந்ததும் வெட்டி ஒரு காகித ஆலைக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். அதற்குத்தான் கடன். போய்ப் பார்த்தால் அது காடாக இருந்தது. சினிமாவில் வருகிற காடு இல்லை. வேம்பும் பாலையும் களாவும் காரையுமாகப் பின்னிக்கொண்டு, ஆள் உள்ளே நுழைந்தால் வெளியே தெரியாத அளவுக்கு ஒரு காடு. நடுவில் ஓடை. மயில் ஒன்று எங்கள் ஆட்டோவைப் பார்த்துச் சலித்துக்கொண்டு நகர்ந்தது.

கூட வந்த மதிப்பீட்டாளர், நிலத்தில் தற்போது இருப்பது என்ற இடத்தில் ‘தரிசு, புதர்’ என்று எழுதினார். இத்தனை மரம் நிற்கிறதே சார் என்றேன். ஆலைக்கும் கடைக்கும் போகாத மரத்துக்கு நம்ம கணக்கில் மதிப்பு கிடையாது மேடம் என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் முறையே அதுதான். திரும்பி வரும்போது இதை ஏழுமலை அண்ணனிடம் சொன்னேன். வண்டலூர் சிக்னலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கேட்டார்: “ஒண்ணுமே இல்லாத எடத்துல இன்னாத்துக்கு மேடம் இம்மா நேரம் நெழல்ல நின்னுகினு இருந்தீங்க?”

மாட்டுக் கடன்

அதே ஊரில், அந்தக் காட்டை ஒட்டினாற்போல் செல்வி அக்காவின் நிலம். அவர் வீட்டுக்காரர் பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. அக்கா கறவை மாடு வாங்கக் கடன் கேட்டிருந்தார். தீவனப்புல் போட நிலம் இருந்தது, பாய்ச்ச ஒரு கிணறு இருந்தது. சித்திரை வெயிலில் எட்டிப் பார்த்தேன். என் முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் மேலே நின்றது. அவர் குடும்பத்தில் உருப்படியான சொத்து அந்தக் கிணறு ஒன்றுதான். அவருக்கு ஒரே கவலை. பக்கத்தில் தைலம் வருகிறதாமே, அது தண்ணீரை இழுத்துவிடுமாமே, கிணறு தாங்குமா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, பார்க்கிறேன் அக்கா என்றேன்.

மேனேஜர் சாரிடம் சொன்னேன். அது ஒரு அக்கவுன்ட், இது ஒரு அக்கவுன்ட், ரெண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கறீங்க என்றார். ஆனால் நல்ல மனுஷன். அந்தக் கிணற்றுக்கு ஊற்று வருகிற ஓடைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற மரங்களை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லலாமா சார் என்று நான் விடாமல் கேட்டதும், கடன் நிபந்தனையில் அதைச் சேர்க்க ஒப்புக்கொண்டார். தணிகாசலம் சாரும், ஒரு ஓரம்தானேம்மா என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். நான் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். விஷயத்தைச் சொன்னபோது செல்வி அக்கா என் தோளைத் தட்டிச் சொன்னார்: “கெணத்துல தண்ணி கீற வரைக்கும் உன் கடனுக்கு ஒரு கொறையும் வராது தங்கச்சி, நீ பயப்படாம போ.”

பச்சை நிறத்தில் ஒரு ஷீல்டு

கடன் வாங்கியவர் பணத்தை வேறு எதற்காவது செலவழித்துவிடக் கூடாது என்பதற்காக எங்களிடம் ஒரு விதி உண்டு. நிலத்தைச் சுத்தமாக்கி, நடுவதற்குத் தயார் என்று போட்டோ கொடுத்தால்தான் முதல் தவணை. நல்ல விதிதான். அதனால் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே ஜேசிபி இறங்கிவிட்டது. மழை வரட்டும், குஞ்சு பொரித்த பறவைகள் போகட்டும் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. போட்டோவுக்காக நான் போனபோது ஓடைக்கரையில் மட்டும் ஒரு பச்சைக் கோடு நின்றது. மற்றதெல்லாம் சிவப்பு மண். மொட்டையடித்த தலையில் யாரோ ஒரு கீற்று முடியை மறந்துவிட்ட மாதிரி.

இந்தக் கடன் எந்த வகை என்று கம்ப்யூட்டர் கேட்டது. நடப்போவது மரம் என்பதால் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த கடன்’ என்ற வகையில்தான் போடமுடியும். வெட்டிய மரத்தைச் சொல்ல அதில் இடமே கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். அந்த வகையில் எங்கள் வட்டாரத்திலேயே அதிகமாகக் கடன் கொடுத்த கிளை என்று எங்களுக்கு ஒரு ஷீல்டு கிடைத்தது. அதில் ஒரு இலை வரைந்திருந்தது. எனக்குக் கைதட்ட வரவில்லை என்பதைக் கவனித்துவிட்ட மேனேஜர் சார், லட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: “மரம் நடறதுக்குப் பணம் குடுத்திருக்கோம்மா, இதுக்கு மேல பச்சையா உங்களுக்கு என்னதான் வேணும்?”

இலவசக் கன்று

சுற்றுச்சூழல் தினத்தன்று வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு புங்கங்கன்று கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எல்லாம் பிளாஸ்டிக் பையில் வந்திறங்கின. வாசலில் நின்று சிரித்த முகமாகக் கொடுக்கும் வேலை எனக்கு. பென்ஷன் வாங்க வந்தவர்கள், நகையை மீட்க வந்தவர்கள், பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. சாயந்திரம் பார்த்தால் பாதிக் கன்று ஏடிஎம் பக்கத்திலேயே வரிசையாக நிற்கிறது.

ஒரு தம்பி மட்டும் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். வீட்டுக் கடனில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கியவன். கடனும் எங்கள் கிளைதான். வாங்கிக்கவா வேணாமா என்று அவன் முகத்தில் அவ்வளவு யோசனை. கடைசியில் மெதுவாகக் கிட்டே வந்து கேட்டான்: “எங்க வூட்ல பால்கனியே இல்லக்கா, இத ஃபிரிட்ஜ் மேல வச்சா வளருமா?”

காக்காய்க்குத் தண்ணீர் வைக்கும் டீச்சர்

சேலையூரில் ரிட்டயரான டீச்சர் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் காக்காய்க்கும் அணிலுக்கும் தண்ணீர் வைப்பவர், பிளாஸ்டிக் கவரைக் கையால் தொடாதவர். டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தவர், என் பணத்தை யாருக்கும்மா கொடுக்கறீங்க என்று பேச்சுவாக்கில் கேட்டார். நானும் பேச்சுவாக்கில் உள்ளதைச் சொன்னேன். காட்டை, மயிலை, ஜேசிபியை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம், டெபாசிட்டை எடுத்து எதிர் பேங்கில் போட்டுவிடுகிறேன் என்று எழுந்து போனார்.

ஒரு டெபாசிட் போனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இப்படி நாலு பேர் எழுந்து போனால் மேலே இருப்பவர்களுக்கு உறைக்காதா என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் டீச்சர் திரும்பி வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். எதிர் பேங்கிலும் இதே மாதிரிதான் கடன் கொடுக்கிறார்களோ என்று கேட்டேன். அதை நான் கேக்கவே இல்லை என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அங்க வட்டி கால் பர்சன்ட் கம்மிம்மா, இருந்துட்டுப் போகட்டும் இங்கயே.”

ஓடைக்கரை

தைலம் ஆள் உயரத்தைத் தாண்டிய பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். சின்சியரான ஆள். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். கடன் கொடுத்தது முழு நிலத்துக்கும், ஆனால் ஓடைக்கரையில் தைலம் நடவில்லை, கண்ட மரமும் நிற்கிறது, ஆகவே கடன் தொகை முழுவதும் சொன்ன காரியத்துக்குப் பயன்படவில்லை என்று குறை எழுதிவிட்டார். அது நிபந்தனை சார் என்று நான் காட்டினேன். தைலமரக் கடனில் இப்படியொரு நிபந்தனை போடுவதற்கு விதி எங்கே இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்டார். விதி இல்லைதான். நான் கேட்டதும் சார் சேர்த்ததும்தான் இருந்தது.

குறையைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த தவணை நிற்கும் என்று தணிகாசலம் சாருக்குக் கடிதம் போயிற்று. நான் மேலிடத்துக்கு எழுதினேன், போன் போட்டேன், மேனேஜர் சாரும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொன்னார். பதில் வருவதற்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். நான் தணிகாசலம் சாரைக் கூப்பிட்டுக் கத்தினேன், வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக்கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: “நீங்க வெட்டாதேன்னீங்க, விட்டேன். உங்க ஆளே வெட்டுன்றாரு, வெட்டிட்டேன். மொதல்ல பேங்க்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா.”

மாடு பார்க்கப் போன நாள்

மாட்டுக் கடன் கொடுத்தால் மாடு இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்க்கவேண்டும். தவணை ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் நான் ரொம்ப நாளாகப் போகவில்லை. செல்வி அக்காவின் கொட்டகையில் மாடு இல்லை, விறகு அடுக்கியிருந்தது. அக்கா எங்கே என்று கேட்டதற்குத் தைலந்தோப்பைக் காட்டினார்கள். அங்கே முதல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆலைக்குப் போகும் கட்டைகளுக்குப் பட்டை உரிக்கும் பெண்களோடு அக்காவும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கிணற்றுக்கு அழைத்துப் போனார். எட்டிப் பார்த்தேன். மோட்டார் பைப் அந்தரத்தில் தொங்கியது. அடியில் காய்ந்த சேறு, அது பாளம் பாளமாக வெடித்திருந்தது.

முதலில் புல் போயிற்றாம், பிறகு ஒரு மாடு, கன்றோடு இன்னொன்று. தவணையை மட்டும் விடவில்லை. எங்கள் கடனில் வளர்ந்த மரத்துக்குப் பட்டை உரித்த கூலியில் எங்கள் மாட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓடைக்கரைக்கு நான் எழுதியதையும் போன் போட்டதையும் சொல்ல வாயெடுத்தேன். தெரியும் விடு என்பதுபோல் கையைக் காட்டினார். ஊரில் வசதி இருக்கிறவர்கள் ஆழமாக போர்வெல் போட்டுவிட்டார்கள், அவர்களுக்கு மட்டும் தண்ணீர் வருகிறது என்றார். அப்புறம் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு, கடைக்காரரிடம் விலை கேட்பது போலக் கேட்டார்: “கெணத்த சாவடிக்கக் கடன் குடுத்தீங்களே தங்கச்சி, போர் போடவும் உங்க பேங்க்லயே குடுப்பாங்களா, இல்ல நான் வேற எடம் பாக்கட்டா?”

கொடுத்தோம், மரத்துக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, செத்த கிணற்றுக்குப் பதிலாக போருக்கு ஒன்று என்று மூன்று கடனுக்கும் தவணை தவறாமல் வந்துகொண்டிருப்பதால், எங்கள் கிளையைப் பொறுத்தவரை அந்த ஊரில் ஒரு பிரச்சினையும் இல்லை.