முட்டிக்குக் கீழே ஹீரோ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் ரூமில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஷூ வரைவேன். ஆனால் சின்ன வயதிலிருந்தே என் ஆசை வேறு. நான் வரைந்த காமிக்ஸ் ஹீரோ ஒருவன் அச்சில் வர வேண்டும். இதுவரை அச்சில் வந்த என் ஒரே ஓவியம், தங்கச்சி கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் இருந்த மயில். பார்த்தவர்கள் வான்கோழி என்றார்கள்.

போன வருடம் கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்கான ஷூ செய்ய இறங்கியது. டப்பாவுக்குள் ஒரு குட்டிக் காமிக்ஸ் புத்தகம், டப்பா மேலே அதன் ஹீரோ என்று திட்டம். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் டிசைன் ரூமுக்கே வந்தார்.

“சென்னையில ஒரு ஏஜென்சியையும் கேட்டிருக்கோம் மாஸ்டர். நீங்களும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. வெள்ளிக்கிழமை ரெண்டையும் வெச்சுப் பார்த்து ஒண்ணை எடுத்துக்கலாம்.”

தலை நரைத்த பிறகு இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது. வீட்டில் சாப்பாட்டு மேசையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டேன். வரைந்து முடித்ததும் மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இன்னாங்க, முடி நீலமா இருக்கு? மொகம் ஆரஞ்சா இருக்கு. காமாலையா?”

“விண்வெளி வீரன்.”

“தொப்ப இருக்கே.”

“அனுபவசாலி.”

“ஆமாமா, தெரியுது” என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மதியம் படத்தை என் தோஸ்திடம் காட்டினேன். பக்கத்து டேனரியில் தோலுக்குக் கலர் ஏற்றும் பிரிவில் இருக்கிறான். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அந்த நாளில் தெருவுக்கே அவன் வீட்டில் மட்டும்தான் டிவி. படத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சாப்பாடு புரையேறியது.

“டேய், இது எங்க ஊட்டு டிவிடா! அந்த பிளாஸ்டிக் ஷீட்டு!”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கருப்பு வெள்ளை டிவியைக் கலராக்க, அவன் அப்பா முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மாட்டியிருந்தார். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. வானம், மனிதன், புல் என்று கணக்கு. செய்தி வாசிப்பவருக்கும் நீல முடிதான். வாராவாரம் நாங்கள் பார்த்த இந்தி விண்வெளித் தொடரின் ஹீரோவும் நீல முடி, ஆரஞ்சு முகத்தோடு வருவான். அடியில் பச்சை ஜாஸ்தி என்பதால் அவன் கால் தெரியாது. விண்கலத்துக்குள் பச்சைப் பனி மூட்டம் இருக்கும் போல என்று நம்பினேன். இத்தனை வருடம் கழித்து அதையே வரைந்திருக்கிறேன்.

“சரி, தொப்ப எங்கருந்து வந்துச்சு? அவன் ஒல்லிதான?”

“எப்பவும் சோத்தப் பத்தியேதான பேசுவான்?”

எனக்கு இந்தி தெரியாது. வீட்டில் உருது பேசுகிற இவன்தான் எனக்கு வரிக்கு வரி தமிழில் சொல்வான்.

“அய்யோ, அது நான் உட்ட கதைடா! பூமி வெடிக்கப் போவுதுன்னு அவன் சொல்லுவான். பசிக்குதாம், கறி தோசை கேக்குறான்னு நான் சொல்லுவேன். அத இன்னுமா நம்பிக்கினு இருக்க?”

“இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நம்பினேன்.”

போனில் தேடி அந்தத் தொடரை எடுத்துவிட்டான். அது கலரில் எடுத்த தொடராம். ஹீரோ எலும்பும் தோலுமாக, கழுத்திலிருந்து பாதம் வரை ரோஸ் கலர் உடையில் நின்றான். எனக்கு யாரோ அந்நியனைப் பார்த்த மாதிரி இருந்தது.

“மாத்திட்ரா” என்றான் தோஸ்த்.

“மாட்டேன். இவன் யாருன்னே எனக்குத் தெரியாது.”

வெள்ளிக்கிழமை மேடம் என் படத்தை வெகுநேரம் பார்த்தார். கலரைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“மாஸ்டர், கால் எங்க?”

“பனிக்குள்ள இருக்கு மேடம்.”

“நாம விக்கிறது ஷூ மாஸ்டர்.”

அறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பிழைப்பே ஷூ வரைவதுதான். ஆசைப்பட்டு ஒரு ஆளை வரைந்தபோது காலை விட்டுவிட்டேன்.

அடுத்து ஏஜென்சிக்காரர்களின் ஹீரோ. வரைந்த பெண்ணும் வந்திருந்தாள். அவள் ஹீரோவுக்கு முகத்தில் பாதி கண்ணாகவே இருந்தது, முடி ஈட்டி ஈட்டியாக நின்றது. “ஸ்கூல் விட்டு வந்ததும் தமிழ்ல டப் பண்ண கார்ட்டூன்தான் சார் பார்ப்பேன். கை தானா அப்படிப் போயிடுது” என்றாள். அவளுக்கு அவள் வீட்டு டிவி. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அவள் படம்தான் தேர்வானது. ஆனால் கால்களைப் பார்த்து மேடம் முகம் சுளித்தார்.

“ஷூ ரெண்டும் பூரி மாதிரி உப்பிக்கிடக்கே. மாஸ்டர், முட்டிக்குக் கீழ மட்டும் நீங்க போட்டுத் தர்றீங்களா?”

வலித்தது. இருந்தாலும் வரைந்தேன். லேஸ், தையல், முனையில் விழும் சின்ன மடிப்பு வரை ஒன்றும் விடவில்லை.

டப்பா அச்சாகி வந்ததும் மனைவி அதை ஷோகேஸில் வைத்தாள். யார் வந்தாலும் “கால் எங்க ஊட்டுக்காரரு வரைஞ்சது” என்று முந்திக்கொள்கிறாள். போன வாரம் எதிர்வீட்டு நர்சம்மா வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

“காலு அம்சமா இருக்குது. மேலதான் யாரோ கெடுத்துட்டாங்க.”

அவருக்கு இன்னொரு காபி போடச் சொன்னேன்.